ஒருபொழுது இருந்த நாய்

நாய்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை. பிறந்த ஊரில் ஒன்று என் பாவாடையைக் கவ்விக் கிழித்த நாளிலிருந்து, எதிரே நாய் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் பினாங்குக்கு வந்து ஒரு கறுப்பு நாய்க்காக நாத்தனாரோடு மல்லுக்கு நிற்கத் தயாரானேன் என்றால், அதற்குக் காரணம் தனிமைதான். அதைப் பூசி மெழுகிச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த புதிது. அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கிராணி. கணக்கும் கடிதமும் எழுதும் வேலை. காலையில் டிராம் ஏறிப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு எங்களுடையது. முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை, பின்னால் சாக்கடை ஓடும் சந்து. ஒரு பக்கத்து வீட்டார் சீனம் பேசினார்கள், மறுபக்கத்தார் மலாய் பேசினார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. தமிழ் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தார், அவரோ பேச மாட்டார்.

அவர்தான் என் கணவரின் அக்காள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இளம் வயதிலேயே கணவனை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சிவதீட்சை வாங்கியவர். காலையில் பூசையறைக்குள் போனால் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் வெளியே வருவார். நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் சுத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. மீன்கூடைக்காரன் தெருவில் உரசிவிட்டுப் போனால் வந்து தலைக்குக் குளிப்பார். டத்தோ கிராமாட் ரோட்டு முனையில் ஒரு சீனர் பன்றி வாட்டும் கடை வைத்திருந்தார். அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அண்ணி ரோட்டைக் குறுக்கே கடந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக நடந்து, மறுபடி குறுக்கே கடந்து வருவார். மாட்டுவண்டிக்காரர்கள் திட்டுவார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய் என்பது அவருக்கு வராது. கோயிலுக்கு வரும் பெண்ணொருத்தி புதுச்சேலை கட்டிவந்து, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டாள். "ஒனக்கு எடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டார். அவள் முகத்தை நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாய் ஒரு மழைநாளில் வந்தது. வடித்த கஞ்சியை ஊற்றப் பின்கதவைத் திறந்தால், சந்தில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தது. முழுக் கறுப்பு. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. "சீ, போ" என்றேன். அதை விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டு வாலை ஆட்டியது. கஞ்சியை ஊற்றினேன், குடித்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றது. நானும் அதே நேரத்துக்குக் கதவைத் திறந்தேன்.

அப்புறம் என்ன, பேச ஆரம்பித்துவிட்டேன். கப்பலில் வாந்தியெடுத்தது, அம்மா கரையில் நின்று அழுதது, இந்த ஊர் அரிசி குழைந்து போவது, அண்ணியைப் பற்றி நான் நினைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசப் பேச மடிந்த காதும் மெல்ல நிமிரும். அந்த வீட்டில் என் பேச்சை முழுதாகக் கேட்டது அது ஒன்றுதான். அது மட்டும் வராமல் போயிருந்தால் நான் பேசவே மறந்திருப்பேன், அல்லது யாரையாவது கடித்திருப்பேன்.

ஒருநாள் அண்ணி பார்த்துவிட்டார். அன்று மாலை பஞ்சாயத்து கூடியது. வேலையிலிருந்து வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுவில் நின்றார்.

"நாய் பைரவர் வாகனம்தானேக்கா, பூசை பண்ற வீட்டுல இருந்தா என்ன?" என்றார்.

அண்ணி நீண்ட நேரம் யோசித்தார். பைரவரை மறுக்க முடியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கட்டும். ஆனா இந்த வீட்டு அடுப்புல பொங்கினதைத்தான் திங்கணும். கவிச்சின்னு வாயில பட்டுச்சோ, அன்னிக்கே பெரி ஏத்தி அக்கரையில கொண்டுபோய் விட்டுடுவேன். அப்புறம் அழக் கூடாது."

பெரி என்றால் கடலைத் தாண்டி, அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போகும் படகு. அக்கரையில் இறக்கிவிட்ட நாய் நீந்தியா திரும்பும்? நான் தலையாட்டினேன். அண்ணி சொன்னால் செய்கிறவர்.

பெயர் வைப்பதில் ஒத்துப்போகவில்லை. என் கணவருக்கு ஆங்கிலப் பெயர் வேண்டும். நான் ஏதோ ஒரு ராசா பெயரைச் சொன்னேன். சாமி பெயர் வைத்தால் திட்டும்போது பாவம் சேரும் என்று அண்ணி அதையும் தடுத்தார். ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டதில் எதுவும் ஒட்டவில்லை. அண்ணி "ஏய்" என்பார், நான் "டேய்" என்பேன். இரண்டுக்கும் வந்தது.

காலையில் என் கணவரை டிராம் நிற்குமிடம் வரை கொண்டுபோய் விடும். டிராம் வளைவில் திரும்பும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, உத்தியோகம் முடிந்த தோரணையில் திரும்பி வரும். அண்ணி பூசைமணி அடித்ததும் பூசையறை நிலைக்கு வெளியே வந்து முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளும். சுண்டலுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். அண்ணியோ பக்தி என்று நினைத்தார். முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு பதிகத்தைக் கொஞ்சம் உரக்கப் பாடினார். பிறகு ஒருநாள், பூசை முடிந்து வந்தவர், குனிந்து அதன் நெற்றியில் ஒரு கீற்று விபூதி இட்டார். கறுப்பு நெற்றியில் அது பளிச்சென்று இருந்தது. அன்று முதல் அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

விபூதி இட்டுக்கொண்டதும் நாய் பின்கதவு வழியாக வெளியே போகும். உச்சிவெயிலில் திரும்பி வந்து, அடுக்களைத் தரையில் மல்லாந்து தூங்கும். மதியச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. இரவில் மட்டும், நமக்காகச் சாப்பிடுவதுபோல் கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிடும்.

அண்ணி இதைச் சில நாள் கவனித்துவிட்டு, "ஒருபொழுது இருக்கான்" என்று சொன்னார்.

ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பதைத்தான் ஒருபொழுது என்போம். அண்ணி பாதி நாட்கள் அப்படித்தான் இருப்பார். நானும் இருக்கிறேன் என்று ஒருமுறை ஆரம்பித்து, மாலைக்குள் மயங்கி விழுந்து மானத்தை வாங்கினேன். அவர் தம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் போய் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வீடு வரும் வரை கிராம்பு மென்றுகொண்டே வருவார். அதை நான் கண்டுபிடித்து, காதும் காதும் வைத்தாற்போல் வைத்திருந்தேன். ஆகவே தன்னோடு சேர்ந்து விரதமிருக்க அந்த வீட்டில் ஒரு ஜீவன் கிடைத்ததில் அண்ணிக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் போய்ச் சொன்னார். பொய்யே சொல்லாதவர் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? பெண்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இரண்டு மூன்று பேர் வீட்டுக்கே வந்து, தூங்குகிற நாயைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒருபொழுது இருக்கிற நாயின் வயிறு ஏன் நாளுக்கு நாள் பெருக்கிறது?

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்க முனைக்கடைக்குப் போனேன். அடுத்த கடை பன்றி வாட்டுகிற கடை. வாட்டிய பன்றிகள் கொக்கிகளில் சிவப்பாக மினுங்கிக்கொண்டு தொங்கின. மேனியில் சட்டையில்லாத ஒரு பெரியவர் கட்டையில் வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில், பந்தியில் இலை போடக் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது எங்கள் சைவ நாய். பெரியவர் "ஓ-காவ்" என்று கூப்பிட்டு, மொறுமொறுவென்று வெந்த தோலை ஒரு கை அள்ளிப் போட்டார். அது கடிக்கும் சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது.

ஓ-காவ் என்றால் கறுப்பு நாயாம். எங்கள் வீட்டில் ஒட்டாத பெயர் அங்கே ஒட்டியிருந்தது.

நான் முறைத்ததைப் பார்த்து, என்னுடைய நாயா என்று பெரியவர் மலாயில் கேட்டார். அதற்குள் எனக்கும் சந்தையில் பேசும் பாசார் மலாய் கொஞ்சம் வந்திருந்தது. ஆமாம் என்றேன். உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாயின் நெற்றியில் இருந்த விபூதியைக் காட்டி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். "அஞ்சிங் தோக்கோங்" என்றார். கோயில் நாய் என்று அர்த்தம். சாமி அடையாளம் போட்டுக்கொண்டு வருகிற நாய், அதற்குப் போட்ட பிறகுதான் முதல் வியாபாரம், அது வர ஆரம்பித்ததிலிருந்து கடை நன்றாக நடக்கிறது என்று, பாதி கையாலும் பாதி வாயாலும் எனக்குப் புரியவைத்தார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். கவிச்சி படக்கூடாது என்று கட்டளை போட்ட அண்ணியே, தினமும் விபூதி இட்டு நாயைப் பன்றிக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நடு ரோட்டில் நின்று சிரித்தேன். சிரித்து முடிந்ததும் பெரி ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய் வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு தினமும் உச்சிவெயிலில் பின்சந்தில் காத்திருந்து, அதன் வாயைச் சீயக்காய் போட்டுக் கழுவித்தான் உள்ளே விட்டேன். வீட்டுக்காரருக்குக் கிராம்பு, நாய்க்குச் சீயக்காய். ஒரு கட்டுப்பாடான சைவ வீட்டை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

தை மாதம் வந்தது. அந்த ஆண்டு சீனர்களின் புத்தாண்டுக் கொண்டாட்டமும் தைப்பூசமும் ஒட்டி வந்தன. பெரியவர் கடையைச் சாத்திக்கொண்டு தீவின் அந்தப் பக்கத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். நாய் வழக்கம்போல விபூதி இட்டுக்கொண்டு போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான். பிறகு அடுக்களை மூலையில் சுருண்டு படுத்துவிட்டது. மொறுமொறுத்த தோலில் ருசி கண்ட நாக்கு தயிர்சாதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெய் விட்டேன், பால் விட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அண்ணி தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கியிருந்தார். நாயும் அதே சமயத்தில் சாப்பாட்டை விட்டதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முருகனுக்கு இருக்கான்" என்றார். செய்தி கோயிலுக்குப் போனது. ஒருபொழுதுக்கு வந்ததைவிட இரண்டு பங்கு கூட்டம் வந்து பார்த்தது.

ஆனால் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அண்ணியே பயந்துவிட்டார். ஒரு பிற்பகல் அடுக்களையில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது. விரதக்காரர், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர், தனியாக உட்கார்ந்து அப்பளம் பொரித்து, நொறுக்கி, ஒவ்வொரு துண்டாக நாயின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மொறுமொறுப்பாக இருந்ததாலோ என்னவோ அதை மட்டும் தின்றது. "நீ சின்னப் பிள்ளை. ஒனக்கு எதுக்குடா இம்புட்டு வைராக்கியம்? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது, தின்னு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு அவர் அத்தனை பேசியதே கிடையாது. நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

தேர் நாள் வந்தது. வெள்ளித்தேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டது. கோயில் பெண்கள் கூட்டமாகப் பின்னால் நடக்க, அண்ணி நாயைக் குளிப்பாட்டி, நெற்றியில் விபூதியும் சந்தனமும் இட்டு, கழுத்தில் செவ்வந்திச் சரம் கட்டித் தன்னோடு அழைத்து வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். விரதமிருந்த நாய் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அண்ணி தலை நிமிர்ந்து நடந்தார்.

தேர் டத்தோ கிராமாட் ரோட்டுக்குத் திரும்பியது. இரு பக்கமும் சீனர்கள் தேங்காயை மலைபோல் குவித்து வைத்துக் காத்திருந்தார்கள். தேர் வரும்போது அவர்கள் உடைக்கிற தேங்காயில் ரோடே நனைந்துவிடும். அந்த வரிசையில், சாத்திய கடைக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஊதுபத்தியோடு பன்றிக்கடைப் பெரியவர் நின்றிருந்தார். தேருக்குத் தேங்காய் உடைக்க அன்று காலைதான் திரும்பியிருக்க வேண்டும்.

நாயின் கழுத்தில் இருந்த பூச்சரத்தை இறுகப் பிடித்தேன். செவ்வந்திச் சரம் எவ்வளவு தாங்கும்? பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து "ஓ-காவ்" என்றார். சரம் என் கையில் அறுந்து கிடக்க, நாய் தேங்காய்ச் சில்லுகளைத் தாண்டிப் பாய்ந்து அவர் நெஞ்சில் முன்னங்கால்களை வைத்து முகத்தை நக்கியது. இத்தனை நாள் எழுந்து நிற்கவே சோம்பிய நாய்.

அண்ணி பின்னாலேயே போய்விட்டார். நானும் ஓடினேன். பெரியவர் நாயின் விலாவைத் தடவிப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "குருஸ் லா" என்றார். இளைத்துவிட்டதே என்று அர்த்தம். தினமும் தன் கடைக்கு வந்து சாப்பிடும் என்றும், கடை இல்லாததால் வாடிவிட்டது என்றும், நாளைக்கே திறந்துவிடுவேன், அனுப்பிவையுங்கள் என்றும் மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டே கையை வாயில் வைத்துச் சாப்பிடுவதுபோல் காட்டினார். தலைக்கு மேலே காலிக் கொக்கிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாசாரில் விலை பேசியே மலாய் கற்றவர் அண்ணி. ஒரு சொல்கூட அவருக்குத் தப்பியிருக்காது. அவர் கொக்கியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

அதற்குள் கோயில் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மேளச் சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"என்னக்கா சொல்றாரு அந்தச் சீனரு?" என்று கேட்டாள் ஒருத்தி. ஒனக்கு எடுக்கலை என்று சொல்லப்பட்டவள்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கரையும் படகும்தான் தெரிந்தன.

"நம்ம நாயைச் சாமி நாயின்னு கும்பிடுறாரு" என்றது அண்ணியின் குரல்.

"கையை வாயில வச்சுக் காட்டினாரே?"

தேர் எங்களுக்கு நேரே வந்து நின்றது.

"விரதமிருந்து இளைச்சுப் போச்சே, இனிமேலாவது சோறு போடுங்கன்னு சொல்றாரு" என்றார். குரல் துளிகூடத் தடுமாறவில்லை.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரியவர் சந்தோஷமாகத் தேங்காயை ஓங்கி உடைத்தார். தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது.

வீடு வந்ததும் அண்ணி தலைக்குக் குளிக்கப் போனார். நான் பின்கதவுப் படியில் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இதை அனுப்பினால் நானும் பெரி ஏறுவேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு பண்ணியிருந்தேன். சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஈரத்தலையோடு வந்து நின்றார் அண்ணி.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா." பிறகு, தயார் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "இத விட்டா எனக்கு இங்க யாரும் இல்ல அண்ணி" என்று அழுதுவிட்டேன்.

அவர் என் பக்கத்தில், அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒருத்தன் சனிக்கிழமை தவறாம கிராம்பு மென்னுக்கிட்டு வர்றான்" என்றார். "அவனை எந்தப் பெரியில ஏத்துறது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணியின் உதடும் ஒரு பக்கம் கோணியது. அவர் சிரிப்பது அப்படித்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"தேருக்கு முன்னால நின்னு பொய் சொல்லிட்டேன்" என்றார் பிறகு. "அத நான் முருகன்கிட்டப் பேசிக்கிறேன். இவன் பட்டினி கிடக்க வேண்டாம். எனக்குப் பார்க்கச் சகிக்கலை."

மறுநாள் காலை பூசைமணி அடித்தது. நாய் தள்ளாடி வந்து நிலைக்கு வெளியே படுத்தது. பூசை முடிந்து அண்ணி விபூதித் தட்டோடு வந்து குனிந்தார். வழக்கமான கீற்றை இட்டார். கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து பார்த்தார். திருப்தி இல்லை போலிருக்கிறது. விரல்களில் இன்னும் விபூதி அள்ளி, நெற்றி முழுக்க மூன்று பட்டையாக இழுத்தார்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு?" என்றேன்.

"அந்தச் சீனருக்கு வயசாச்சு" என்றார். "தூரத்துல வர்றப்பவே கண்ணுக்குத் தெரியணும்ல."

எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கினார்.